ப்ரீ ஆம்ப்பை மாற்றும் முன்: குறையைக் கேட்டுக் காரணத்தைப் பிடிக்கும் வழி

மும்பையில் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பாட்டுக் கேட்கிற நம் ஆட்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி, "நல்ல ப்ரீ ஆம்ப்பா ஒண்ணு வாங்கணும், எது வாங்கலாம்?" ப்ரீ ஆம்ப் என்பது பாட்டு வரும் கருவிக்கும் (சோர்ஸ்) ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப்புக்கும் நடுவே வால்யூம் குமிழோடு நிற்கும் பெட்டி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் முன் இன்னொன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது: இப்போது இருக்கிற செட்டில் என்ன குறை? உறுமுகிறதா, இரைகிறதா, ஒரு பக்கம் சாய்கிறதா, மிருதங்கத்தின் தொப்பி நாதம் மெலிந்து கேட்கிறதா? ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. சிலது சில நூறு ரூபாயில் தீரும். சிலது லட்சக்கணக்கில் கொட்டிப் புதுப் பெட்டி வாங்கினாலும் அப்படியேதான் இருக்கும், ஏனென்றால் கோளாறு பெட்டிக்கு வெளியே இருக்கிறது. ப்ரீ ஆம்ப்பை மாற்றினால்தான் தீரும் என்கிற குறைகள் இரண்டு மூன்றுதான். அவை வரும் இடத்தில் சொல்கிறேன்.

எந்தக் குறைக்கும் முதல் சோதனை

சோர்ஸில் எதுவும் ஓடவேண்டாம். வால்யூமைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள். தேவையில்லாத சத்தம் கூடவே ஏறினால், அது வால்யூம் குமிழுக்கு முன்னால் பிறக்கிறது: சோர்ஸ், அதன் கேபிள், ப்ரீ ஆம்ப்பின் உள்வாங்கும் பகுதி. குமிழை எங்கே வைத்தாலும் சத்தம் ஒரே அளவில் இருந்தால், அது குமிழுக்குப் பின்னால்: ப்ரீ ஆம்ப்பின் வெளியீட்டுப் பகுதி, அங்கிருந்து போகும் கேபிள், அல்லது பவர் ஆம்ப்.

இரண்டாவது வகையைப் பிரிக்க, இன்புட்டுக்குள் எந்தச் சிக்னலும் போகாமல் அடைக்கும் ஷார்ட்டிங் ப்ளக் வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த லேமிங்டன் ரோட்டில் சாதாரண ஆர்சிஏ ப்ளக் இரண்டு வாங்கி, நடுப் பின்னையும் வெளிவளையத்தையும் சேர்த்துச் சால்டர் வைத்தால் முடிந்தது. பவர் ஆம்ப்பை அணைத்துவிட்டு ப்ரீ ஆம்ப் கேபிளைக் கழற்றி, பவர் ஆம்ப்பின் இன்புட்டில் இந்த ப்ளக்குகளைச் செருகி மறுபடி போடுங்கள். சத்தம் இன்னும் இருந்தால் குற்றவாளி பவர் ஆம்ப். போய்விட்டால் ப்ரீ ஆம்ப் அல்லது இரண்டுக்கும் இடையிலான எர்த் விவகாரம். இந்த ப்ளக்கை இன்புட்டில் மட்டும்தான் போட வேண்டும், அவுட்புட்டில் போட்டால் பெட்டி பழுதாகலாம்.

ஒரு பக்கத்துக் கோளாறு என்றால் இடது வலது கேபிள்களை மாற்றிப் போடுவது. முதலில் சோர்ஸ் பக்கம், அப்புறம் ப்ரீ ஆம்ப் அவுட்புட்டில், கடைசியாக ஸ்பீக்கரில். எந்த இடத்தில் மாற்றியும் கோளாறு பக்கம் மாறாமல் நிற்கிறதோ, அந்த இடத்துக்குப் பின்னால் தேடுங்கள். கேபிளில் கை வைக்கும் ஒவ்வொரு முறையும் பவர் ஆம்ப் அணைந்திருக்கட்டும்.

"உர்ர்" என்று உறுமுகிறது

மும்பையில் கேட்கும் புகார்களில் பெரும்பங்கு இதுதான். ப்ரீ ஆம்ப் காரணமாக இருப்பது ரொம்பவும் அபூர்வம்.

முதலில் உறுமலின் சாயலைக் கவனியுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மழமழவென்று ஆழத்தில் ஒலிக்கும் 50 ஹெர்ட்ஸ் உறுமல் என்றால் பெரும்பாலும் எர்த் வளையம். கொஞ்சம் கரகரப்பாக, தேனீ கூட்டில் கேட்பதுபோல 100 ஹெர்ட்ஸில் இருந்தால் பவர் சப்ளைப் பகுதியைச் சந்தேகிக்கலாம், ஏனென்றால் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் ஒவ்வொரு அரைச்சுற்றுக்கும் ஒரு முறை கண்டென்சரை நிரப்புகிறது. பதினைந்து இருபது வருஷம் ஓடிய பெட்டியில் எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள் வற்றியிருக்கும். காதால் பிரிக்க முடியாவிட்டால் மொபைலில் ஒரு ஸ்பெக்ட்ரம் ஆப் போட்டுப் பாருங்கள், எந்த இடத்தில் கம்பம் உயர்கிறது என்று தெரிந்துவிடும்.

எர்த் வளையம் எப்படி வருகிறது? இரண்டு கருவிகள் தனித்தனி இடத்தில் எர்த்தோடு சேர்ந்திருக்கின்றன. அவற்றை ஒரு ஆர்சிஏ கேபிள் இணைத்ததும், கேபிளின் வெளிப்பின்னல் வழியாக எர்த் மின்னோட்டம் சுற்ற ஆரம்பிக்கிறது. அந்தப் பின்னலின் சிறிய மின்தடையில் எழும் வோல்டேஜ், பாட்டோடு சேர்ந்து பவர் ஆம்ப்புக்குள் போய்விடுகிறது. பத்து லட்சத்துக்கு ஆர்சிஏ ப்ரீ ஆம்ப் வாங்கினாலும் இந்த இயற்பியல் மாறாது.

வரிசையாகச் செய்யவேண்டியவை: செட் டாப் பாக்ஸுக்கு வரும் கோஆக்ஸ் வயரைக் கழற்றுங்கள். சொசைட்டி மொட்டை மாடியிலிருந்து இறங்கும் அந்த வயர் வேறொரு எர்த்தைக் கூடவே கூட்டிவருகிறது. உறுமல் நின்றால் விஷயம் முடிந்தது, அந்த வயரில் ஒரு ஐசோலேட்டர் போதும். நிற்கவில்லை என்றால் எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகுங்கள். லேப்டாப்பிலிருந்து பாட்டு வருகிறதா? சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓடவிடுங்கள். அப்போது சத்தம் அடங்கினால் யுஎஸ்பிக்குப் பதில் ஆப்டிகல் கேபிள் போடலாம், கண்ணாடி இழையிலோ பிளாஸ்டிக் இழையிலோ எர்த் பயணிக்காது.

பழைய சால்களிலும் (ஒற்றை அறை வரிசைக் குடியிருப்புகள்) அறுபது எழுபதுகளில் கட்டிய கட்டடங்களிலும் இன்னொரு கூத்து உண்டு. சாக்கெட்டில் மூன்றாவது ஓட்டை இருக்கும், அதன் பின்னால் வயரே இருக்காது. மல்டிமீட்டரில் பேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட 230 வோல்ட்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள்ளும் வரவேண்டும். பழக்கமில்லாதவர்கள் இதை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுவது நல்லது. உறுமலை நிறுத்த எர்த் பின்னை வெட்டிவிடுவது என்று ஒரு குறுக்குவழி கடைத்தெருவில் உலவுகிறது. சத்தம் நிற்கத்தான் செய்யும். உள்ளே ஒரு வயர் உரசினால் முழுப்பெட்டியும் உயிர் மின்சாரமாகிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்வதில்லை. செய்யாதீர்கள்.

மின்விசிறி ரெகுலேட்டரையும் அணைத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டே சுற்றும் வகை ரெகுலேட்டர்கள் மின்அலையைப் பாதியில் வெட்டித் தருகின்றன, அந்த வெட்டு ஸ்பீக்கரில் 'ஜ்ஜ்ஜ்' என்று கேட்கும். படிப்படியாகத் திருகும் கண்டென்சர் வகைக்கு மாற்றினால் போதும்.

இவ்வளவும் செய்தபிறகு உறுமல் இருக்கிறது, ப்ரீ ஆம்ப்புக்கும் பவர் ஆம்ப்புக்கும் இடையே ஐந்து மீட்டர் கேபிள் போகிறது என்றால், அப்போது பேலன்ஸ்டு எக்ஸ்எல்ஆர் (சிக்னலை இரண்டு வயரில் எதிரெதிராக அனுப்பி, வழியில் சேரும் இரைச்சலைக் கழிக்கும் மூன்று பின் இணைப்பு) உள்ள ப்ரீ ஆம்ப்பைப் பார்க்கலாம். பவர் ஆம்ப்பிலும் அது இருக்கவேண்டும். எக்ஸ்எல்ஆர் சாக்கெட் இருந்தாலே போதும் என்று நினைக்க வேண்டாம். முதல் பின்னை சர்க்யூட் போர்டின் கிரவுண்டில் இணைத்துவைத்தால் பின்னலில் வரும் இரைச்சல் நேரே உள்ளே போகும். ஒலிப் பொறியாளர் நீல் மன்சி 1995இல் விளக்கிய இந்தப் 'பின் ஒன்று' கோளாறு இன்றும் விலையுயர்ந்த பெட்டிகளில்கூட இருக்கிறது. அந்தப் பின் நேராகப் பெட்டியின் உலோக உடலில் சேர்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் தெரியாமல் விழித்தால், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

குமிழை லேசாகத் திருப்பினாலே அலறுகிறது, மெதுவாக வைத்தால் ஒரு பக்கம் காணோம்

ப்ரீ ஆம்ப்பை மாற்ற நியாயமான காரணம் என்றால் முதலில் இதைச் சொல்வேன். இரவு பத்து மணிக்குக் குழந்தை தூங்கியபின் கேட்கும் நேரத்தில், குமிழ் எட்டு மணி நிலையில் இருக்கும், பாடகர் இடது ஸ்பீக்கருக்குள் நகர்ந்திருப்பார். 1950, 60களின் மோனோ கச்சேரிப் பதிவு ஒன்றைப் போட்டால் சட்டென்று தெரியும். மோனோவில் குரல் நட்டநடுவில் நிற்கவேண்டும்.

கணக்கைப் பார்ப்போம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 100 வாட் கொடுக்க 28.3 வோல்ட் வேண்டும். பவர் ஆம்ப்பின் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) வழக்கமாக 26 டெசிபல் பக்கம், அதாவது 20 மடங்கு. ஆக 1.4 வோல்ட் உள்ளே போனாலே முழு சக்தி வந்துவிடும். ஆனால் சிடி பிளேயர் தருவதே 2 வோல்ட், பேலன்ஸ்டு டாக் (டிஜிட்டல் பாட்டை அனலாக் ஆக்கும் கருவி) என்றால் 4 வோல்ட். சோர்ஸே தேவைக்கு மேல் தருகிறது. இதற்கு நடுவில் 12 டெசிபல், அதாவது 4 மடங்கு கெயின் உள்ள ப்ரீ ஆம்ப்பைக் கொண்டுவந்து வைக்கிறோம். எதற்கு?

மும்பை ஃபிளாட்டில் உண்மையில் எவ்வளவு தேவை? ஒரு மீட்டரில் 88 டெசிபல் தரும் ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்தாலே பக்கத்து வீட்டு ஆன்ட்டி பெல் அடித்துவிடுவார். 1 வாட்டுக்கு பவர் ஆம்ப் இன்புட்டில் 0.14 வோல்ட் போதும். 2 வோல்ட் சிடியிலிருந்து அங்கே இறங்க 23 டெசிபல் குறைக்கவேண்டும். ப்ரீ ஆம்ப் 12 கூட்டுகிறது என்றால் குமிழ் 35 டெசிபலைக் குறைத்தாக வேண்டும். குமிழுக்குப் பின்னால் இருக்கும் இரட்டைக் கார்பன் பாட் (பொட்டன்ஷியோமீட்டர், திருகினால் மாறும் மின்தடை) அந்த ஆரம்பப் பகுதியில்தான் இடதும் வலதும் சேராமல் தடுமாறும். குறை அங்கேதான் பிறக்கிறது.

செலவில்லாத வழி முதலில். ப்ரீ ஆம்ப்பிலோ பவர் ஆம்ப்பிலோ கெயின் ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள், பின்பக்கமோ அடியிலோ ஒளிந்திருக்கும். இல்லையா, கேபிள் முனையில் மாட்டும் 10 டெசிபல் அட்டெனுவேட்டர் ஒரு ஜோடி வாங்குங்கள். சிக்னலை மூன்றில் ஒன்றாக்கும், குமிழ் பத்து மணிக்கு மேல் வந்துவிடும், பெரும்பாலோருக்கு இதோடு வேலை முடியும்.

அதற்கு மேலும் வாங்கத்தான் வேண்டும் என்றால் இரண்டைக் கேளுங்கள். ஒன்று, கெயின் எவ்வளவு? டிஜிட்டல் சோர்ஸ் மட்டும் உள்ளவருக்கு 0 முதல் 6 டெசிபல் தாராளம். இரண்டு, வால்யூம் எதனால் ஆனது? ரெசிஸ்டர்களை ரிலே வைத்து மாற்றும் வகையில் இடமும் வலமும் எந்த நிலையிலும் ஒத்துப்போகும். பெஞ்ச்மார்க் எல்ஏ4 அரை டெசிபல் படியாக 256 படிகள் தருகிறது. அக்யூஃபேஸ் தன் ஆவா முறையில் பொட்டன்ஷியோமீட்டரையே தூக்கிவிட்டது, கெயினையே படிப்படியாக மாற்றுகிறது. ஷீட் ஃப்ரேயா ப்ளஸ்ஸில் எதுவும் சேர்க்காத பேசிவ் வழி, பெருக்காமல் சிக்னலுக்குத் தெம்பு மட்டும் தரும் பஃபர், வால்வு வழி என மூன்றும் ஒரே பெட்டியில் உண்டு. எது வாங்கினாலும் நீங்கள் வழக்கமாகக் கேட்கும் சத்தத்தில் குமிழ் நடுவுக்கு அருகில் நிற்கவேண்டும். முகப்புத் தகட்டின் தடிமனைப் பார்த்து வாங்குகிறவர்கள் இதைக் கேட்பதே இல்லை.

"இஸ்ஸ்" என்ற இரைச்சல்

உட்காரும் இடத்திலிருந்து கேட்கிறதா, ட்வீட்டரில் (மேல் ஸ்தாயிக்கான சின்ன ஸ்பீக்கர்) காதை ஒட்டினால் மட்டும் கேட்கிறதா? இரண்டாவது என்றால் விட்டுவிடுங்கள். தம்புரா மங்கி அடங்கும் இடத்தில் நாற்காலியிலிருந்தே கேட்டால் கவனிக்கலாம்.

வால்யூமோடு ஏறாத இரைச்சல், ஷார்ட்டிங் ப்ளக் போட்டதும் அடங்குகிறது என்றால் ப்ரீ ஆம்ப்பின் வெளியீட்டுப் பகுதிதான் காரணம். மாற்றலாம். ஆனால் 100 டெசிபலுக்கு மேல் உணர்திறன் உள்ள ஹார்ன் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் முதலில் பவர் ஆம்ப்பின் கெயினைக் குறைக்கட்டும். மேலே சொன்ன அட்டெனுவேட்டரைப் பவர் ஆம்ப் இன்புட்டில் போட்டால் ப்ரீ ஆம்ப்பின் இரைச்சலும் மூன்றில் ஒன்றாகிவிடும்.

அடிநாதம் மெலிந்துவிட்டது, அல்லது மேல் ஸ்தாயி மங்கிவிட்டது

இது இம்பிடன்ஸ் (ஏசி சிக்னலுக்கு ஒரு கருவி காட்டும் மின்தடை) பொருத்தம் சம்பந்தப்பட்டது. வால்வு (பழைய கண்ணாடிக் குழாய்) ப்ரீ ஆம்ப்பையும் ஸ்விட்ச் போல அணைந்து எரிந்து வேலைசெய்யும் கிளாஸ் டி பவர் ஆம்ப்பையும் சேர்க்கிறவர்கள் இதில் மாட்டிக்கொள்வார்கள்.

வால்வு ப்ரீ ஆம்ப்பின் வெளியீட்டில் ஒரு கண்டென்சர் இருக்கும். அதுவும் பவர் ஆம்ப்பின் இன்புட் இம்பிடன்ஸும் சேர்ந்து அடிநாதத்தை வடிகட்டுகின்றன. 1 மைக்ரோ ஃபாரட் கண்டென்சரும் 100 கிலோ ஓமும் என்றால் வெட்டு (சத்தம் 3 டெசிபல் குறையும் இடம்) 1.6 ஹெர்ட்ஸில், கவலையில்லை. அதே கண்டென்சர் 10 கிலோ ஓம் இன்புட்டைச் சந்தித்தால் வெட்டு 16 ஹெர்ட்ஸுக்கு ஏறும், 20 ஹெர்ட்ஸில் 2 டெசிபல் போச்சு. கண்டென்சர் 0.47 மைக்ரோ ஃபாரட் என்றால் வெட்டு 34 ஹெர்ட்ஸ், தொப்பியின் கும்காரத்திலேயே உடம்பு குறைந்ததுபோல் படும். பவர் ஆம்ப் கையேட்டில் இன்புட் இம்பிடன்ஸைப் பாருங்கள். ப்ரீ ஆம்ப்பின் அவுட்புட் இம்பிடன்ஸைப் போல் குறைந்தது பத்து மடங்கு இருக்கவேண்டும், வால்வு என்றால் இன்னும் கூடுதலாக.

மேல் ஸ்தாயி மங்குவது பேசிவ் ப்ரீ ஆம்ப்பும் நீளமான கேபிளும் சேரும் இடத்தில். பேசிவ் என்றால் உள்ளே வெறும் குமிழ்தான். பொட்டன்ஷியோமீட்டரின் மதிப்பில் கால்பங்கு வரை அதன் அவுட்புட் இம்பிடன்ஸ் ஏறும். 100 கிலோ ஓம் பாட் என்றால் 25 கிலோ ஓம். மீட்டருக்கு 100 பிகோ ஃபாரட் உள்ள கேபிளை ஐந்து மீட்டர் ஓட்டினால் வெட்டு 12.7 கிலோ ஹெர்ட்ஸில் விழுந்து, 10 கிலோ ஹெர்ட்ஸிலேயே 2 டெசிபல் குறையும். ஜால்ராவின் கூர்மை போய்விடும். 10 கிலோ ஓம் பாட் என்றால் அதே கேபிளில் வெட்டு 127 கிலோ ஹெர்ட்ஸ், காதுக்கு எட்டாத தூரம். எனவே பேசிவ் பிடிக்கும் என்றால் 10 கிலோ ஓம், அரை மீட்டர் கேபிள்.

மழைக்காலத்தில் கரகர, நடுநடுவே ஒரு பக்கம் விட்டுவிட்டு வருகிறது

ஜூனில் ஆரம்பித்து செப்டம்பர் வரை வரும் இந்தப் புகாருக்கு மும்பைக் காற்றுதான் காரணம். ஈரமும் உப்பும் ஆர்சிஏ சாக்கெட்டிலும் செலக்டர் ஸ்விட்சிலும் படலமாகப் படிகின்றன. ப்ளக்குகளைக் கழற்றி, திருகித் திருகி மறுபடி செருகுங்கள். அப்புறம் எலக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனர். கீலுக்கு அடிக்கும் சாதாரண டபிள்யூடி-40 வேண்டாம், அது எண்ணெய்ப் படலம் விட்டு அழுக்கைச் சேர்க்கும்.

குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகர என்றால் பொட்டன்ஷியோமீட்டரில் அழுக்கு. சுத்தம் செய்தும் உடனே திரும்பினால் அதன் வழியே டிசி ஓடுகிறது என்று அர்த்தம். டிசியைத் தடுக்கவேண்டிய கப்ளிங் கண்டென்சர் எங்கோ கசிகிறது, மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

மலாடு மார்வே ரோடு பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்று. எதுவும் ஓடாத நேரத்தில் ஸ்பீக்கரில் யாரோ மராத்தியில் மெல்லச் செய்தி வாசித்தால் பயப்பட வேண்டாம். அங்கே ஆகாசவாணியின் மத்திய அலைக் கோபுரங்கள் இருக்கின்றன. துருப்பிடித்த இணைப்பு ஒன்று டயோடு போல வேலைசெய்து வானொலியைப் பிடித்துத் தருகிறது. சுத்தம் செய்துவிட்டு, கேபிளில் ஃபெரைட் வளையம் மாட்டுங்கள்.

ரெக்கார்டு பிளேயரைச் சேர்த்தால் சத்தம் ஈனஸ்வரத்தில், கீழ் ஸ்தாயியே இல்லை

ஆக்ஸ் இன்புட்டில் நேராகச் செருகியிருப்பீர்கள். ரெக்கார்டு வெட்டும்போது அடிநாதத்தைச் சுமார் 20 டெசிபல் குறைத்து, மேல் ஸ்தாயியை அதே அளவு கூட்டிப் பதிவார்கள். 1954இலிருந்து பரவலான ஆர்ஐஏஏ வளைவு இது. அதைத் திருப்பிப் போட போனோ ஸ்டேஜ் வேண்டும். ஊசியைப் பிடித்திருக்கும் கார்ட்ரிட்ஜ் இரண்டு வகை. காந்தம் அசையும் எம்எம் கார்ட்ரிட்ஜ் தருவது 5 மில்லிவோல்ட் பக்கம், 40 டெசிபல் கெயினும் 47 கிலோ ஓம் லோடும் தேவை. காயில் அசையும் எம்சி அரை மில்லிவோல்ட்டுக்கும் கீழே, 60 டெசிபல் வேண்டும். இன்றைய விலையுயர்ந்த ப்ரீ ஆம்ப் பலவற்றில் போனோவே கிடையாது, வாங்குமுன் பின்பக்கம் பாருங்கள். சோர் பஜாரில் பிடித்த 78 தட்டுகளுக்கு இந்த வளைவும் முழுக்கப் பொருந்தாது, அவை வேறு வேறு வளைவுகளில் வெட்டப்பட்டவை. உறுமல் இருந்தால் டர்ன்டேபிளின் மெல்லிய எர்த் வயர் திருகாணியில் இருக்கிறதா என்று முதலில் தொட்டுப் பாருங்கள்.

போடும்போதும் அணைக்கும்போதும் "டம்"

சோர்ஸ், ப்ரீ ஆம்ப், கடைசியில் பவர் ஆம்ப் என்ற வரிசையில் போடுங்கள். அணைக்கும்போது பவர் ஆம்ப் முதலில். வரிசை சரியாக இருந்தும் ஊஃபர் (அடிநாத ஸ்பீக்கர்) துள்ளினால் மல்டிமீட்டரை 200 மில்லிவோல்ட் டிசியில் வைத்து, பவர் ஆம்ப்பைக் கழற்றிவிட்டு, ப்ரீ ஆம்ப் அவுட்புட்டை அளங்கள். ஓரிரு மில்லிவோல்ட் சகஜம். 20 மில்லிவோல்ட் இருந்து, பவர் ஆம்ப்பும் டிசியைத் தடுக்காத வகை என்றால், 20 மடங்காகி 0.4 வோல்ட் ஊஃபர் காயிலில் நிற்கும். சர்வீஸுக்கு அனுப்புங்கள்.

தட்டினால் "டிங்" என்று பேசும் வால்வு

பென்சில் முனையால் ஒவ்வொரு வால்வையும் மெல்லத் தட்டுங்கள். எது ஸ்பீக்கரில் மணியடிக்கிறதோ அதை மாற்றுங்கள், பெட்டியை அல்ல. 12ஏஎக்ஸ்7க்குப் பதில் 12ஏயு7 செருகிக் கெயினைக் குறைக்கும் வழக்கம் உண்டு. பின்கள் ஒத்துப்போகும் என்பதற்காக எல்லா சர்க்யூட்டும் ஒத்துக்கொள்ளாது. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஒருகாலத்தில் வால்வு செய்தது, அந்தப் பழைய சரக்கு கிடைத்தால் டெஸ்டரில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். மூடியைத் திறக்க வேண்டியிருந்தால் ஒன்று நினைவிருக்கட்டும்: உள்ளே 250 வோல்ட்டுக்கு மேல் டிசி, அணைத்தபின்னும் கண்டென்சரில் தங்கியிருக்கும்.

குறை எதுவும் இல்லை, ஆனால் கடையில் கேட்டது இன்னும் உயிரோடு இருந்தது

கடையில் இரண்டு ப்ரீ ஆம்ப்புகளை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டும்போது எது அரை டெசிபல் கூடுதலாக ஓடுகிறதோ அதுதான் ஜெயிக்கும். எக்ஸ்எல்ஆரில் போட்டதும் ஆர்சிஏவை விட 6 டெசிபல் ஏறுவது சர்வசாதாரணம், அதைக் கேட்டு 'ஆஹா, பேலன்ஸ்டு!' என்று தலையாட்டுகிறோம். உங்கள் மல்டிமீட்டரைக் கையோடு எடுத்துப் போங்கள். 100 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன் ஒன்றை ஓடவிட்டு ஸ்பீக்கர் முனையில் ஏசி வோல்ட்டை அளந்து, இரண்டிலும் ஒரே எண் வரும்படி குமிழை வையுங்கள். ஒரு சதவீத வித்தியாசம் என்பது 0.1 டெசிபல், அதற்குள் வந்தால் போதும். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அப்புறம் கேளுங்கள். அப்போதும் வித்தியாசம் தெரிந்தால் அது உங்கள் பணத்துக்கு உரிய வித்தியாசம்.

ஸ்பீக்கர் அமைதி, பெட்டியே உறுமுகிறது

டிரான்ஸ்ஃபார்மர். பக்கத்து அறையில் ஹேர் ட்ரையரைப் பாதி வேகத்தில் ஓட்டும்போது மட்டும் உறுமினால், ட்ரையரின் டயோடு மின்அலையில் ஒரு பாதியை மட்டும் இழுத்து லைனில் டிசியைச் சேர்க்கிறது. லைனில் அந்த டிசியைத் தடுக்கும் டிசி பிளாக்கர் ஒன்று போதும். எப்போதும் உறுமினால் பின்பக்கத் தகட்டில் எழுதியிருப்பதைப் படியுங்கள். வெளிநாட்டிலிருந்து கைமாறி வந்த பெட்டிகளில் ஜப்பானுக்கானவை 100 வோல்ட், அமெரிக்காவுக்கானவை 120 வோல்ட். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் கட்டிய டிரான்ஸ்ஃபார்மர் நம் 50 ஹெர்ட்ஸில் இரும்பு நிறைந்துபோய் சூடாகி உறுமும், ஸ்டெப் டவுன் போட்டாலும் இது தீராது. '50/60' என்று தகட்டில் இருந்தால் நல்ல ஸ்டெப் டவுனோடு ஓட்டலாம். '60' மட்டும் இருந்தால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள்.